இயந்திரமும் ஓய்வும்: 1946ஆம் ஆண்டுப் பிரித்தானிய ஸ்பீட்வேப் பருவம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் உழைப்பினை ஆராயும் அளவுக்கு அதன் ஓய்வினை வரலாற்றாசிரியர் ஆராய்வதில்லை. விளையாட்டைப் பற்றி எழுதுவோரிடையே இரு போக்குகளைக் காண்கிறோம். வெற்றி தோல்விகளை நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுவது ஒன்று. உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் போதைப்பொருள் என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. பின்னது முற்போக்காளரிடையே செல்வாக்குள்ளதாயினும், மக்கள் ஏன் அதனை நாடினர் என்ற அடிப்படை வினாவுக்கு அது விடை தருவதில்லை. இவ்வினாவை முன்வைத்து, இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததன் பின் பிரித்தானியாவில் நடைபெற்ற முதலாவது முழுமையான ஸ்பீட்வேப் பருவத்தை இங்கு நோக்குவோம்.

ஸ்பீட்வே என்பது நீள்வட்ட வடிவான தடத்தில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் ஓட்டம். ஒரு சுற்றில் அணிக்கு இருவராக நால்வர் ஓடுவர். தடத்தை நான்கு முறை வலம்வராது இடம்வருவர். முதல்வருக்கு மூன்று, அடுத்தவர்க்கு இரண்டு, மூன்றாமவர்க்கு ஒன்று எனப் புள்ளிகள் வழங்கப்படும். 500 சி.சி. இயந்திரம் மெதனோலில் இயங்கும். வண்டிக்குத் தடுப்புக் கருவி இல்லை. வளைவுகளில் ஓட்டுநர் இரும்புத் தகடிட்ட இடது காலை நிலத்தில் ஊன்றி, பின்சில்லைச் சறுக்கவிட்டே திரும்புவார். 1923இல் அவுஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிற்லன்டில் ஜொனி ஹொஸ்கின்ஸ் நடத்திய போட்டிகளின் வழிவந்த இவ்விளையாட்டு, 1928 பெப்ரவரியில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹைபீச்சில் நடந்த போட்டியோடு பிரித்தானியாவிற் காலூன்றியது. குடியேற்ற நாடொன்றிலிருந்து ஏகாதிபத்தியத்தின் தலைநகருக்குச் சென்ற பண்பாட்டு ஏற்றுமதி இது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

1946இல் தேசிய லீக்கில் ஆறு அணிகள் பங்குகொண்டன. வெம்பிளி, வெஸ்ட்ஹாம், நியூகுரொஸ், விம்பிள்டன் ஆகிய நான்கும் இலண்டனைச் சேர்ந்தவை. மன்செஸ்ரரின் பெல்வியூவும் பிராட்போர்ட்டும் வடபுலத்தவை. ஒவ்வோர் அணியும் இருபது போட்டிகளில் ஓடியது. லீக் பட்டத்தை வெம்பிளி வென்றது. தேசியக் கிண்ணம் பெல்வியூவுக்குக் கிடைத்தது. யுத்தத்தால் 1939இல் தடைப்பட்ட உலகப்போட்டி 1949 வரை மீண்டும் நடைபெறவில்லை. அதற்கு ஈடாக நடத்தப்பட்ட பிரித்தானிய ஓட்டுநர் போட்டியில் வெம்பிளியைச் சேர்ந்த ரொமி பிறைஸ் முதலிடம் பெற்றார். 1949இல் உலகப் பட்டம் வென்ற முதல் ஆங்கிலேயரும் இவரே.

இப்பருவத்தின் பின்னணி என்ன? 1945 யூலைத் தேர்தலில் 393 ஆசனங்களோடு தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. வேலை இருந்தது, கையிற் கூலியும் இருந்தது, கடைகளிற் பொருள் இல்லை. யுத்த காலத்திலேயே பங்கீட்டுக்குட்படாத பாண், 1946 யூலையிற் பங்கீட்டுக்குள்ளாயிற்று. உற்பத்தியின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே ஒதுக்கப்பட்டது. பண்டங்களை வாங்க முடியாத பணம் பொழுதுபோக்கினை நாடிற்று. அவ்வாண்டிற் சினிமாக் கொட்டகைகளுக்குச் சென்றோரின் மொத்த வருகை நூற்றறுபது கோடியைத் தாண்டியது. ஸ்பீட்வே அரங்குகள் நிரம்பி வழிந்தமையும் இப்பொருளாதார நிலையின் விளைவே.

ஆயினும் பணப்புழக்கம் மாத்திரம் இவ்வீர்ப்பினை விளக்கிவிடாது. வெஸ்ட்ஹாமின் அரங்கு துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த கஸ்ரம்ஹவுஸ் பகுதியில் இருந்தது. பெல்வியூ, புகையிரத இயந்திரங்கள் செய்யப்பட்ட கோர்ட்டனை அடுத்திருந்தது. ஓட்டுநர் செலுத்திய 'ஜப்' இயந்திரம் வட இலண்டனின் ரொற்றன்ஹாமிலுள்ள பிறெஸ்ற்விச் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. அரங்கில் அமர்ந்திருந்தோரில் ஆலைத் தொழிலாளரும், ஆறாண்டுகள் இராணுவ வாகனங்களோடு போராடி வீடு திரும்பியோரும் பலர். இயந்திரத்தின் ஒலியைக் கொண்டே அதன் குறையை உணரவல்ல பார்வையாளர் இவர்கள். பகலில் ஆலையில் இயந்திரத்தின் வேகத்துக்குத் தன் உடலை ஒப்புக்கொடுத்த தொழிலாளி, மாலையில் அதே இயந்திரம் தன் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவனின் கைக்கும் காலுக்கும் அடங்குவதைக் கண்டான். உழைப்பில் அந்நியமாகிப்போன திறன், விளையாட்டில் ஒரு கணம் மனிதனுக்கே மீண்டது. இவ்விளையாட்டின் கவர்ச்சிக்கு அடிப்படை இதுவே என்பது எமது கருத்து.

இம்மீட்பு முழுமையானதன்று. அரங்குகள் பெரும்பாலும் நாய்ப்பந்தய முதலாளிகளுக்குச் சொந்தமானவை. பந்தயம் இல்லாத மாலைகளிலும் அரங்கு வருவாய் தரவேண்டும் என்பதே அவர்களது கணக்கு. ஓட்டுநர், தாம் ஓடிய ஓட்டத்துக்கும் பெற்ற புள்ளிக்குமே ஊதியம் பெற்றனர்; வண்டியைப் பேணும் பொறுப்பும் அவர்களுடையதே. 'மூலதனம்' முதற்பாகத்தில் துண்டுக்கூலி பற்றி மார்க்ஸ் கூறுவது இங்கு நினைவுகூரற்பாலது: தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை எல்லைமீறிச் செலவிடுவதே தன் நலன் என்று கருதுமாறு அக்கூலிமுறை செய்துவிடுகிறது. தடுப்புக் கருவியற்ற வண்டியில் இவ்வுண்மை உயிர்விலையோடு வெளிப்பட்டது. பிராட்போர்ட் அணியின் அல்பேர்ட் றோசன்பெல்ட் அவ்வாண்டு நியூகுரொஸ் தடத்தில் நேர்ந்த விபத்தின் விளைவாக உயிரிழந்தார்.

அணிகள் அமைக்கப்பட்ட விதமும் கவனத்துக்குரியது. 1946இல் ஓட்டுநர் தரம்பிரிக்கப்பட்டு அணிகளுக்குப் பங்கிடப்பட்டனர். பெல்வியூவின் பழைய வீரரான பில் கிச்சின் வெம்பிளியின் தலைவரானார். முன்னர் ஹரிங்கேயில் ஓடிய ஜாக் பார்க்கர் பெல்வியூவுக்குச் சென்றார். உணவுப் பங்கீட்டை நினைவூட்டும் இவ்வேற்பாட்டைச் சமதர்மம் என்று மயங்கலாகாது. முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டியை எவரும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை. எனவே நிச்சயமின்மையே இங்கு விற்கப்படும் பண்டம். அதனை உற்பத்தி செய்யப் போட்டியாளரிடையே ஓரளவு சமத்துவம் வேண்டப்பட்டது. ஆனாற் சமத்துவம் நிலைக்கவில்லை. ஆர்தர் எல்வினின் பெருநிறுவனத்துக்குரிய வெம்பிளி, 1946 முதல் 1953 வரையான எட்டுப் பருவங்களில் ஏழில் பட்டம் வென்றது. மிகப்பெரிய அரங்கின் பொருள்வலிமை இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றெனலாம்.

அரசின் நிலைப்பாடு இன்னொரு முரண்பாட்டை வெளிப்படுத்துகின்றது. கால்பந்து, கிரிக்கெட் போன்றவற்றுக்குக் கேளிக்கை வரியிற் சலுகை வழங்கிய தொழிற்கட்சி அரசு, குதிரை, நாய், மோட்டார் பந்தயங்களை அச்சலுகையிலிருந்து விலக்கிற்று. ஸ்பீட்வே நுழைவுக் கட்டணத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு வரியாயிற்று. மனித உடலின் விளையாட்டு உயர்ந்தது, இயந்திரத்தின் விளையாட்டு தாழ்ந்தது என்ற இப்பாகுபாடு, ஆலையில் இயந்திரத்தோடு வாழ்ந்த வர்க்கத்தின் சுவையைத் தாழ்த்திய பாகுபாடே. 1962 வரை 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்' என்றும் வீரரை வகுத்து வைத்திருந்த கிரிக்கெட் சலுகைக்குரியதாயிற்று என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. தொழிலாளர் வாக்குகளால் ஆட்சிக்கு வந்தோரும் ஆளும் வர்க்கத்தின் சுவைக் கோட்பாட்டிலிருந்து விடுபடவில்லை.

அதேவேளை இவ்விளையாட்டினை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். பார்வையாளரிற் பெண்கள் பெருந்தொகையினராயினும் தடத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. பே ரெய்லர் போன்ற திறமைமிக்க பெண் ஓட்டுநர் 1930இலேயே விலக்கப்பட்டனர். யுத்தகால ஆலைகளில் இயந்திரங்களை இயக்கிய பெண்களின் அனுபவமும் அத்தடையை நீக்கவில்லை.

1950களில் வரிச்சுமையும், தொலைக்காட்சியின் பரவலும், கடைகளிற் பண்டங்கள் மீண்டமையும் அரங்குகளை வெறிதாக்கின. 1956ஆம் ஆண்டுப் பருவத்தோடு வெம்பிளி அணி விலகியது. ஸ்பீட்வேக்கான கேளிக்கை வரி 1957இல் ஒழிக்கப்பட்டபோது பல தடங்கள் மூடப்பட்டுவிட்டன. 1972இல் வெஸ்ட்ஹாம் அரங்கும் மூடப்பட்டு, அந்நிலத்தில் வீடுகள் எழுந்தன. அங்குள்ள தெருக்கள் சில ஹொஸ்கின்ஸ் முதலிய ஸ்பீட்வேக்காரரின் பெயர்களையே தாங்கியுள்ளன.

கிரிக்கெட்டைக் குடியேற்றவாதச் சமுதாயத்தின் கண்ணாடியாகக் கண்டு சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் நூல் எழுதியபோது, விளையாட்டு மார்க்சிய ஆய்வுக்குரிய பொருள் என்பது உறுதியாயிற்று. 1946ஆம் ஆண்டுப் பருவம் உணர்த்துவதும் அதுவே. மக்களின் ஓய்வு முற்றாக அவர்களுக்குரியதுமன்று, முற்றாக முதலாளிக்குரியதுமன்று. அது இரு சாராரும் உரிமை கோரும் களம். அங்கு திரண்டோரை ஏமாளிகள் என்று கொள்ளும் ஆய்வு, அவர்கள் எதனைத் தேடிச் சென்றனர் என்பதை அறியாது. அறியாத ஆய்வு அவர்களோடு உரையாடவும் இயலாது.