தேசிய சேவையும் போர்க்களமும்



ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் நம் பள்ளிகளில் முழுமைத் தற்காப்பு தினம் அனுசரிக்கப்படுகிறது. அந்நாளை ஒட்டி மாணவர் கேட்கும் வினா ஒன்றை, இங்குத் தோ பாயோவில் பெற்றோரும் என்னிடம் கேட்பதுண்டு. "தேசிய சேவைக்குச் செல்லும் பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிடுவார்களா?" இதற்கு வரலாறு கூறும் விடையைக் காண்போம்.

'கட்டாயம்' என்ற சொல்லே நம் முன்னோரை அஞ்ச வைத்தது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

1954இல் பிரிட்டிஷ் அரசு இங்கே தேசிய சேவைச் சட்டத்தைக் கொணர்ந்து, 18 முதல் 20 வயது வரையுள்ள இளையர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. சீனப் பள்ளி மாணவர்கள் எதிர்த்தனர். மே 13ஆம் நாள் அவர்களுக்கும் காவல் துறையினருக்கும் மோதல் மூண்டது. யாருடைய போரில் நாங்கள் மடிவது என்பதே அவர்களுடைய கேள்வியின் சாரம். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. பிரிட்டன் தன் சொந்தத் தேசிய சேவை இளைஞர்களையே கொரியாவிலும் மலாயாக் காடுகளிலும் போரிட வைத்திருந்த காலம் அது.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் (1963–1966) களம் கண்டவர்கள் அப்பட்டாளங்களின் வீரர்கள். 1965 பிப்ரவரியில் ஜொகூரில் சிலர் உயிர் நீத்தனர். அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள். கட்டாய சேவையாளர்கள் அல்லர்.

1967 மார்ச்சில் நம் நாடாளுமன்றம் தேசிய சேவைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு பதிவு செய்த சுமார் 9,000 பேருள் ஏறத்தாழ 900 பேர் முழுநேரச் சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சமூக நிலையங்களில் அவர்களுக்கு வழியனுப்பு நிகழ்ச்சிகள் நடந்தன.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 1964இல் அங்குக் கொணரப்பட்ட திட்டத்தில், பிறந்த தேதியைக் குலுக்கி இளைஞர்கள் தெரிவு செய்யப்பட்டனர். 63,000க்கும் மேற்பட்டோர் படையில் சேர்க்கப்பட, அவர்களுள் சுமார் 15,000 பேர் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். அதாவது நால்வரில் ஒருவர் போர்முனை கண்டார். இங்கோ 1967 முதல் இன்றுவரை தேசிய சேவையாளர் எவரும் போருக்கு அனுப்பப்படவில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் பணிகளுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் நிரந்தரப் படையினரே.

ஏன் இந்த வேறுபாடு? அங்கே கடல் கடந்த போருக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கே பெரிய நிரந்தரப் படையை வைத்துக்கொள்ள மக்கள்தொகை போதாத ஒரு தீவு, பிறர் தாக்கத் துணியாதபடி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே சேவையாளர் போர்முனை செல்லும் வாய்ப்பு, சட்டம் எந்நோக்கத்திற்காக இயற்றப்பட்டது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. இத்தீவே தாக்கப்படின், சேவையாற்றும் இளைஞர்களும் சேவை முடித்து வேலைக்குச் செல்லும் தந்தையரும் சேர்ந்தே களம் இறங்க வேண்டும். நம் படையின் பெரும்பகுதி அவர்களே. போர் இல்லாக் காலத்திலும் ஆபத்து அறவே இல்லை எனல் இயலாது. 2019 ஜனவரியில் நியூசிலாந்துப் பயிற்சியில் ஒரு சேவையாளர் உயிரிழந்த பின்னர், பயிற்சிகளின் வேகம் குறைக்கப்பட்டுப் பாதுகாப்பு விதிகள் மறு ஆய்வு செய்யப்பட்டன.

ஆகவே பிள்ளைகள் கேட்கும்போது, "போரே வராது" என்று பொய்யுறுதி தர வேண்டா. "போருக்குத்தான் போகிறாய்" என்று அச்சுறுத்தவும் வேண்டா. போர் வாராமல் தடுப்பதற்கே இப்பயிற்சி என்பதையும், தடுப்பு தவறினால் கடமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். உண்மையைத் தாங்கும் வலிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு.