தீவனச் சோளத்தில் ஆண் மலட்டுத்தன்மை

சோளப்பூவில் சூலகமும் மகரந்தப்பையும் ஒன்றாகவே இருக்கும். ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள். ஒட்டுவிதை எடுக்க அத்தனையிலும் மகரந்தப்பையைக் கிள்ளி நீக்குவது ஆகாத காரியம். 1933-ல் டெக்சாஸில் ஆய்வாளர்கள் ஸ்டீபன்ஸும் குயின்பியும் கதிரை வெந்நீரில் சுமார் 10 நிமிடம் அமிழ்த்தி மகரந்தத்தைச் செயலிழக்கச் செய்தார்கள். ஆய்வுக்கு அது போதும், வயலுக்குப் போதாது.

மகரந்தமே விளையாத செடிதான் வழி என்று தேடியபோது, கோயம்புத்தூரில் ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும் பொன்னையாவும் 1937-ல் அத்தகைய சோளத்தை விவரித்தார்கள். அதற்குக் காரணமான ஒடுங்கு மரபணு இன்றும் எம்.எஸ்.1 என்றே வழங்குகிறது. சோள மரபியலின் வரலாற்றில் இது உரிய அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் மரபணு மலட்டுத்தன்மையில் ஒரு சிக்கல் உண்டு: விதைத்தால் பாதிச் செடிகள் வளமாகவே வரும், பூக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும்.

தீர்வு 1954-ல் வந்தது. மைலோ சோளத்தைத் தாயாக வைத்து, காஃபிர் சோளத்தின் மகரந்தத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் எல்லாச் செடிகளும் ஆண்மலடாகும் என்று ஸ்டீபன்ஸும் ஹாலந்தும் காட்டினார்கள். தாய்வழி மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மைலோவுடையது, உட்கரு காஃபிருடையது. இரண்டும் ஒத்துப்போகாததால் மகரந்தம் கெடுகிறது. அசல் மைலோவின் உட்கருவில் வளத்தை மீட்கும் மரபணுக்கள் இருப்பதால் அதற்குக் கேடில்லை. மலட்டுத் தாய் ‘ஏ லைன்’, அதைப் பேணுவது ‘பி லைன்’, வளத்தை மீட்கும் தந்தை ‘ஆர் லைன்’. இந்தியாவில் 1964-ல் வெளியான சி.எஸ்.எச்.1 என்ற ஒட்டுச் சோளம் இந்த முறையில் பிறந்ததுதான். சூடான் புல்லின் மகரந்தம் ஏ லைனில் சேர்ந்தபோது, பலமுறை அறுக்கும் தீவன ஒட்டுகளும் கிடைத்தன.

தானியத்துக்கு ஆர் லைன் இன்றியமையாதது. தீவனத்துக்கு அப்படியில்லை, உழவருக்கு வேண்டியது தட்டையும் இலையும்தான். இந்த வேறுபாடே தீவனப் பயிரில் ஆண்மலட்டுக்குத் தனி மதிப்பைத் தருகிறது. இந்தியச் சோளம் ஒன்றிலிருந்து கிடைத்த, மைலோவினுடையதைப் போலவே மலட்டுத்தன்மை தரும் ஏ3 என்ற சைட்டோபிளாசத்துக்கு (உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்ட செல் பகுதி) மீட்பு மரபணு அமைவது அரிது. தானிய ஒட்டுக்கு அது குறை, தீவனத்துக்கு வரம்: அதில் பிறந்த ஒட்டும் மலடாகவே நிற்கும், கதிர் கனத்துப் பயிர் சாயாது, மணிக்குப் போக வேண்டிய சர்க்கரை தண்டிலேயே தங்கும். அருகில் வேறு சோளம் பூத்தால் மட்டும் காற்றில் வரும் மகரந்தம் மணி பிடிக்கச் செய்துவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மகரந்தம் சேராத சூல்முடி நாள் கணக்கில் திறந்தே கிடப்பதால், குளிர்ந்த ஈரக் காலத்தில் தேன் ஒழுகல் நோய்க்காளான் அதன் வழியே சூலகத்தில் புகும். 1995-ல் பிரேசிலில் தென்பட்ட இந்நோய் 1997-ல் டெக்சாஸை எட்டியது. விதை உற்பத்தி வயல்களின் ஏ லைன்களும் மலட்டுத் தீவன ஒட்டுகளும்தான் அதற்கு எளிதில் இரையாயின.