சாப்பிடும் உரிமையும் சமைக்கும் உரிமையும்

தொலைக்காட்சி சமையல் போட்டிகள் நமக்குத் தரும் வாக்குறுதி எளிமையானது: கைப்பக்குவம் இருந்தால் யாரும் செஃப் ஆகலாம். 2010இல் மாஸ்டர்செஃப் இந்தியா, 2019இல் குக்கு வித் கோமாளி, 2021இல் தமிழ் மாஸ்டர்செஃப் என்று அது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாக்குறுதியை நம் வரலாற்றோடு வைத்துப் பார்ப்போம் தோழர்களே. இந்த நாட்டில் சமைத்ததை ருசி பார்ப்பதற்கு முன்பே சமைத்தவரின் சாதியைப் பார்த்தார்கள்.

தனக்குக் கீழே என்று கருதும் சாதியார் சமைத்த சோற்றைத் தொடக் கூடாது என்பது சாதியின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அப்படியானால் எல்லோருக்கும் சமைத்துப் போடும் தகுதி யாருக்கு இருக்கும்? மேலே இருப்பவருக்குத்தான். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. விடுதலைக்குப் பிறகும் ஹோட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. சமைக்கும் கை எந்தச் சாதி என்று வாடிக்கையாளருக்குத் தரும் உத்தரவாதம் அது. 1957இல் திருவல்லிக்கேணியில் அந்தப் பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் போராட்டம் நடத்தினார். பலர் கைதானார்கள்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, உணவகங்களுக்குள் நுழைய சாதி தடையாக இருக்கக் கூடாது என்றது. சாப்பிடும் உரிமை சட்டத்தில் வந்தது. ஆனால் அடுப்பங்கரைக்குள் யார் நிற்கலாம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

2004 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், மதிய உணவுத் திட்டத்தில் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் இடமாற்றியது அந்தப் பெண்ணைத்தான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அவர் சமைத்ததில் உப்புக் குறைந்தது, காரம் கூடியது என்பதல்ல அங்கே பிரச்சினை.

தொலைக்காட்சிக்கு வருவோம். 2015இல் மாஸ்டர்செஃப் இந்தியாவின் நான்காவது சீசன் முழுக்க சைவமாக நடத்தப்பட்டது. குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் உப்புக்கண்டமும் கருவாடும் யாருடைய கைப்பக்குவமோ, அவர்கள் அந்தத் திறமையை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதே 2015இல்தான் மராத்வாடாவின் தலித் சமையலைப் பற்றி ஷாஹு பட்டோலே மராத்தியில் நூல் எழுதினார். அன்னம் பூரண பிரம்மம் என்பது பழைய வாக்கு. அவர் தன் நூலுக்கு வைத்த தலைப்போ, அன்னம் அபூரண பிரம்மம் என்பது. ஏட்டில் இல்லாத சமையலை ஏட்டில் ஏற்றினார்.

செஃப் என்ற வாழ்க்கை கேமரா முன்னால் தொடங்குவதில்லை. நாம் சமைத்ததை அயலார் ஒருவர் முகம் சுளிக்காமல் சாப்பிடும் இடத்தில் தொடங்குகிறது. அந்த முதல் படியே மறுக்கப்பட்டவர்களிடம் இறுதிச் சுற்றைக் காட்டி, திறமை இருந்தால் வா என்பது பாதி உண்மைதான்.

போட்டிகளை ரசித்துப் பார்ப்போம், தவறில்லை. கூடவே நம் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தையும் போய்ப் பார்ப்போம். அங்கே சமைப்பவர் யார், 2004 உத்தரவு நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது.