துண்டு, தப்பு, முல்லோயா: மலையகத்தில் ஆடப்பட்ட ஓர் ஆட்டம்

"தோட்டத்து ஆட்கள் சொன்னதைக் கேட்டே பழகிட்டாங்க, அது அவங்க ரத்தத்துல ஊறினது." இந்தப் பேச்சை நோட்டன் பிரிட்ஜ் கடை வாசலிலும் கேட்டிருக்கிறோம், பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலும் கேட்டிருக்கிறோம். சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள், சிலர் பரிதாபப்பட்டுச் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் பண்பாடு என்பது பிறப்போடு வருகிற சமாச்சாரம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதை ஆட்டக் கோட்பாட்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறோம்.

கணக்கு வரப்போகுது என்று பயப்பட வேண்டாம், நாங்களும் கலைப்பீடம்தான். விஷயம் இவ்வளவுதான்: நான் என்ன செய்வேன் என்பது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் நினைப்பதைப் பொறுத்தது. உங்களுக்கும் அப்படியே. இந்த எதிர்பார்ப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றுவிட்டால், தனியாக மாறுகிறவருக்கு நட்டம். அதைத்தான் சமநிலை என்கிறார்கள். ஒரே ஆட்டத்துக்குப் பல சமநிலைகள் இருக்கலாம்.

அவ்னர் கிரைஃப் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் இதை வைத்து இரண்டு பண்பாடுகளை ஒப்பிட்டார். 11ஆம் நூற்றாண்டில் மக்ரிபி யூத வணிகர்கள், அடுத்த நூற்றாண்டில் ஜெனோவா வணிகர்கள். இருவருக்கும் ஒரே பிரச்சினை: கடல் தாண்டி அனுப்பிய முகவர் ஏமாற்றினால் என்ன செய்வது? மக்ரிபிகள் கடிதம் எழுதிச் செய்தியைப் பரப்பினார்கள். ஒருவரை ஏமாற்றியவனுக்கு மற்ற யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். ஜெனோவாக்காரர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு, ஒப்பந்தம், நீதிமன்றம் என்று போனார்கள். மக்ரிபிகள் பற்றிய இந்த விளக்கத்தை மறுக்கிற வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. அதை நம்ம மலைக்குக் கொண்டு வருவோம்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அது குறுகிய ஆட்டம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலையில் வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினார்கள். அதே ஆட்கள், அதே ஊர்கள், ஆனால் ஆட்டம் முடிவில்லாததாக மாறிவிட்டது. நாளைக்கும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்றால், இன்றைக்கு நடந்துகொள்கிற விதமே மாறும். சாவு வீட்டுக்கு லயமே போவது, கல்யாணத்துக்கு மொய் எழுதிவைத்துத் திருப்பிச் செய்வது எல்லாம் ஊரிலிருந்து வந்த வழக்கங்கள்தான். லயத்துச் சுவர்களுக்குள் அவை இன்னும் இறுகின என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மக்ரிபிகள் மாதிரி நடக்கப் பார்த்தவர்கள் துரைமார். தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். 'இந்த ஆளுடைய கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிக்கிறோம்' என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. துண்டு இல்லாமல் வருகிறவனை யாரும் சேர்க்கக்கூடாது. மக்ரிபிகளுக்குக் கடிதம் மட்டும்தான், துரைமாருக்குச் சட்டமும் பொலிசும் கூட இருந்தன. நடுவில் கங்காணி. வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. இந்த நிலையில் ஒருவர் தனியாக முறைத்துக்கொண்டு எங்கே போவார்? அடங்கி இருந்தது ரத்தத்தில் வந்த குணம் இல்லை, சரியாகப் போட்ட கணக்கு.

ஆனால் துரைமாரின் ஒற்றுமையும் நிற்கவில்லை. எல்லாரும் முன்பணத்தைக் குறைவாக வைத்திருந்தால் எல்லாருக்கும் லாபம். ஒருவர் மட்டும் கூடக் கொடுத்தால் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியை ஆளோடு இழுத்துக்கொள்ளலாம். அதனால் ஆளுக்காள் கூடக் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் வருகிற 'கைதிகளின் இக்கட்டு' இதுதான். ஏறிய தொகை கடைசியில் தொழிலாளி தலையில் கடனாக விழுந்தது. நேரடியாக ஆள் சேர்க்க 1904இல் திருச்சியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றையும் திறந்து பார்த்தார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

துண்டு போனாலும் பயம் போகவில்லை. ரூசோ சொன்ன மான் வேட்டை மாதிரி: எல்லாரும் நின்றால் மான் கிடைக்கும், ஒருத்தன் முயலைத் துரத்திப் போனாலும் மற்றவர்கள் பட்டினி. வேலைநிறுத்தமும் அப்படித்தான். பக்கத்துக் காம்பிராக்காரனும் கோபத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தால் போதாது. எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிய வேண்டும். மைக்கேல் சுவே என்ற அறிஞர், சடங்குகளின் வேலையே இதுதான் என்கிறார்: எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதை எல்லாரும் பார்ப்பது.

தோட்டத்தில் அப்படிக் கூடுகிற இடங்கள் எவை? காலையில் தப்புச் சத்தத்துக்கு எழும்பிக் கூடுகிற பெரட்டுக் களம் ஒன்று, அது துரையுடையது. மாசி மாதக் காமன் கூத்து இன்னொன்று, அது சனங்களுடையது. இரண்டிலும் அதே தப்புதான் அடித்தது. அடித்தவர்களைச் சாதியில் கீழே வைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். இதையும் சொல்லாமல் பண்பாடு என்று பெருமை பேசுவது சரியில்லை. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய கூட்டங்களில் மனைவி மீனாட்சி அம்மாள் பாடினார். அந்தப் பாட்டை அலங்காரமாக நினைக்கிறவர்கள் கூட்டத்தைப் புரிந்துகொள்ளவில்லை. ஆயிரம் பேர் ஒன்றாகக் கேட்கும்போதுதானே, தான் தனியாள் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியவருகிறது.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அடங்கிப்போவார்கள் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு: அந்த வருசமே ஊவாத் தோட்டங்கள் வரை வேலைநிறுத்தங்கள் பரவின, துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஏழு அம்ச உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ரத்தம் ஒரே வருசத்தில் மாறிவிடுமா? எதிர்பார்ப்பு மாறும்.

இந்தக் கோட்பாட்டின் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் உண்டு. 'தொழிலாளி' என்று ஒரு ஆட்டக்காரரைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறது. கொழுந்து எடுத்தவர்கள் பெண்கள், சம்பளத்தைப் போய் வாங்கியவர்கள் பல இடங்களில் ஆண்கள். வீட்டுக்குள் இன்னொரு ஆட்டம் நடந்தது; அதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

2021இல் சம்பளச் சபை நாள் சம்பளத்தை 1000 ரூபாயாக்கியது. அதற்கு முன்பு, 2018 அக்டோபரில், பேஸ்புக் அழைப்பைப் பார்த்து மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்தவர்கள் அதில் நிறையப் பேர். எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும் அவர்கள் பேர் கிடையாது, வெட்டப்படும் என்ற பயமும் கிடையாது. செக்ரோலில் இருந்தது அவர்களுடைய அம்மாக்களின் பேர்.