பிடிஎஃப் பிறந்த கதை



இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. ராஜா, போர், கோட்டை எல்லாம் கிடையாது. நாம் தினமும் திறந்து மூடுகிற பிடிஎஃப் கோப்பின் வரலாறு. பி.காம் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு ஜெராக்ஸ் கடை.

எங்கள் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். நாங்கள் நான்கு பேர். மறுநாள் காலை வைவா. இரவு எட்டரை மணிக்கு பென்டிரைவோடு கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் எங்கள் வேர்டு கோப்பைத் திறந்தார். நான்கு பேர் முகமும் செத்துவிட்டது. பொருளடக்கத்தில் 22-ம் பக்கம் என்று போட்டிருந்த அத்தியாயம் 24-ம் பக்கத்தில் இருந்தது. இருப்புநிலைக் குறிப்பு பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. பழைய தமிழ் ஃபாண்டில் டைப் செய்து பின்னிணைப்பாகச் சேர்த்த வினாப்பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை!

"தம்பி, உங்க ஃபாண்ட் எங்க சிஸ்டத்துல இல்ல. வீட்டுக்குப் போய் பிடிஎஃப்பா மாத்தி எடுத்துட்டு வாங்க. பத்து மணி வரைக்கும் கடை இருக்கும்" என்றார். ஓடினோம். மாற்றினோம். திரும்பி வந்து மூன்று பிரதி எடுத்தபோது மணி 9.40. ஒரு வரிகூட நகரவில்லை.

அதே எழுத்து, அதே கம்ப்யூட்டர், அதே பிரிண்டர். ஒரு கோப்பு கலைகிறது, இன்னொன்று கலையவில்லை. ஏன்? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

அச்சில் தொடங்கிய கதை

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்று இரண்டு பேர். இருவரும் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர்கள். எந்த அச்சுப்பொறிக்கும் பக்கத்தை விவரித்துச் சொல்லக்கூடிய ஒரு மொழியை அங்கே உருவாக்கினார்கள். நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை. பொறுமை இழந்த இருவரும் வெளியேறி 1982-ல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

1984-ல் அவர்களிடமிருந்து வந்தது போஸ்ட்ஸ்கிரிப்ட். 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி இந்த மொழியோடு வந்தது. விலை 6,995 டாலர். அதை ஓட்டிய மேக் கம்ப்யூட்டரைவிட அந்த அச்சுப்பொறிக்குள் இருந்த பிராசசர் வேகமானது, நினைவகமும் அதிகம்! காரணம், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது ஒரு புரோகிராம். "இந்த இடத்தில் கோடு போடு, இந்த எழுத்தை இந்த அளவில் வை" என்று வரும் கட்டளைகளை அச்சுப்பொறிதான் உட்கார்ந்து நிறைவேற்ற வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். புரோகிராம் என்றால் முதலிலிருந்து ஓடி வர வேண்டும். 50-ம் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிய, முந்தைய 49 பக்கங்களின் கட்டளைகளையும் கடந்துதான் வந்தாக வேண்டும். காகிதத்தில் அச்சடிக்க இது போதும். திரையில் புரட்டிப் படிக்க உதவாது.

கேமலாட்

1991-ல் வார்னாக் சில பக்கங்களே கொண்ட ஒரு குறிப்பு எழுதினார். திட்டத்தின் பெயர் கேமலாட். அவர் பிடித்த பிரச்சினை இதுதான்: ஒரு கம்ப்யூட்டரில் செய்த ஆவணத்தை வேறு வகை கம்ப்யூட்டரில், வேறு அச்சுப்பொறியில், அதே தோற்றத்தில் பார்க்க வழியில்லை. எங்களுக்கு ஜெராக்ஸ் கடையில் நடந்ததேதான்!

தீர்வாக வந்ததுதான் பிடிஎஃப். அக்ரோபேட் மென்பொருளோடு 1993 ஜூனில் சந்தைக்கு வந்தது. போஸ்ட்ஸ்கிரிப்டின் வரையும் திறமையை வைத்துக்கொண்டார்கள், புரோகிராம் தன்மையை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி. வேண்டிய ஃபாண்டையும் கோப்புக்குள்ளேயே கட்டி அனுப்பலாம். எந்தப் பொருள் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு அட்டவணை, அதுவும் கோப்பின் கடைசியில். திறக்கும் மென்பொருள் முதலில் வாலைப் பார்க்கும், பிறகுதான் உடம்புக்கு வரும்.

பாதியில் டவுன்லோடு நின்ற பிடிஎஃப் சில சமயம் "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று அடம்பிடிக்கும் அல்லவா? அந்த அட்டவணை வந்து சேராததுதான் காரணம். பின்னால் 1996-ல் முதல் பக்கத்தை முதலில் காட்டும்படி கோப்பை அடுக்கும் வசதி வந்தது. இணையத்தில் பெரிய கோப்பு முழுக்க இறங்கும் முன்பே படிக்க முடிவது இதனால்தான்.

50 டாலர் பாடம்

இங்கேதான் காமர்ஸ் மாணவனுக்கு வேலை வருகிறது. :-)

ஆரம்பத்தில் பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருளுக்கும் விலை, வெறுமனே படிக்கும் ரீடருக்கும் விலை! ரீடர் 50 டாலர். யார் வாங்குவார்கள்? படிக்க ஆள் இல்லாததால் உருவாக்கவும் ஆள் இல்லை. உருவாக்க ஆள் இல்லாததால் படிக்க ஒன்றும் இல்லை. 1994-ல் ரீடரை இலவசமாக்கினார்கள். ஒரு பக்கம் இலவசம், மறுபக்கம் விலை. அமெரிக்க வருமான வரித்துறை தன் படிவங்களை பிடிஎஃப்பாகக் கொடுத்ததும் சாதாரண ஜனங்களும் ரீடரை நிறுவ ஆரம்பித்தார்கள்.

2005-ல் நீண்டகாலப் பாதுகாப்புக்கென்று பிடிஎஃப்/ஏ என்ற தரம் வந்தது. அதில் எல்லா ஃபாண்டும் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது கட்டாயம். 2008-ல் அடோபி மொத்த வடிவத்தையும் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.விடம் கொடுத்தது. அன்றிலிருந்து அது ஒரு நிறுவனத்தின் சொத்து அல்ல. கெஷ்கி 2021-லும் வார்னாக் 2023-லும் மறைந்தார்கள்.

வரலாறு தெரிந்தால் என்ன லாபம்?

எனக்குக் கிடைத்த லாபங்கள் இவை:

1. பக்க எண். புத்தகத்தில் 25 என்று அச்சாகியிருக்கும் பக்கம் கோப்பில் 41-வது பக்கமாக இருக்கலாம். முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து கணக்கில் வரும். அச்சடிக்கும் முன் திரையில் காட்டும் எண் எது, தாளில் இருக்கும் எண் எது என்று பாருங்கள். 16 பக்கம் தப்பாக அடித்துவிட்டுக் காசு கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

2. நகர்தல். பக்கம் பக்கமாக உருட்ட வேண்டாம். ஓரத்தில் புக்மார்க் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். சிறு படங்களும் புக்மார்க்கும் 1993-லேயே இருந்த வசதிகள். சொல்லைத் தேட கண்ட்ரோலும் எஃப்-பும்.

3. அளவு. பிடிஎஃப் பக்கத்துக்கு நிஜக் காகிதம்போல நீளமும் அகலமும் உண்டு. நம் ஊர் ஏ4 தாள் 210 x 297 மி.மீ. அமெரிக்காவின் லெட்டர் தாள் கொஞ்சம் அகலம், ஆனால் உயரம் சுமார் 279 மி.மீ.தான். பிரிண்டர் அமைப்பில் லெட்டர் என்று இருந்து, "பக்கத்துக்குப் பொருத்து" என்பதும் தேர்வாகியிருந்தால் ஏ4 பக்கம் சுமார் 94 சதவீதமாகச் சுருங்கிவிடும். என் நண்பனின் விண்ணப்பத்தில் புகைப்படக் கட்டம் 3.5 செ.மீ.க்குப் பதில் 3.3 செ.மீ. ஆகிவிட்டது. போட்டோ கட்டத்தைத் தாண்டி நின்றது, திரும்பவும் அடிக்க வேண்டியதாயிற்று. படிவம் என்றால் தாள் ஏ4, அளவு 100 சதவீதம். இரண்டையும் பார்த்துவிட்டு பொத்தானை அழுத்துங்கள்.

4. ஃபாண்ட். கோப்பின் பண்புகள் பகுதியில் ஃபாண்ட் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "உட்பொதிக்கப்பட்டது" என்று பொருள்படும் குறிப்பு இருந்தால் கடைக்குத் தைரியமாகப் போகலாம்.

தமிழுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

யூனிகோட் பரவும் முன் தமிழுக்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை. பல ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருந்தார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. பிடிஎஃப் இதற்குப் பெரிய மருந்தாக அமைந்தது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைப் பிடிஎஃப் வடிவிலும் கொடுத்ததால், ஃபாண்ட் நிறுவத் தெரியாதவர்களும் படிக்க முடிந்தது.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்படிப் பழைய ஃபாண்டில் செய்த ஒரு கோப்பில் ஏதாவது தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். கிடைக்காது. ஒரு வரியை நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டுங்கள். குப்பைதான் வரும். யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலும் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறி வரும். காரணம், பிடிஎஃப் அடிப்படையில் வைத்திருப்பது எழுத்தின் உருவத்தையும் அது நிற்கும் இடத்தையும்தான். அந்த உருவம் என்ன எழுத்து என்பதைத் தனியாகச் சொல்லி வைத்தால்தான் அதற்குத் தெரியும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் போன செமஸ்டரில்தான் புரிந்தது. எங்கள் வகுப்பில் பார்வைக் குறைபாடு உள்ள நண்பன் ஒருவன் இருக்கிறான். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளை வைத்துத்தான் படிப்பான். காஸ்ட் அக்கவுண்டிங் குறிப்புகளை நாங்கள் போனில் படம் எடுத்து, 38 பக்கப் பிடிஎஃப்பாக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். எல்லோரும் நன்றி சொன்னார்கள். அவன் மட்டும் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு என்னிடம் வந்து, "டேய், அந்த ஃபைல்ல ஒண்ணுமே இல்லையேடா?" என்று கேட்டான்.

எங்கள் கண்ணுக்கு 38 பக்கம். அவன் காதுக்கு 38 வெற்றுத் தாள். நான்கு நாளில் இரண்டு பேர் உட்கார்ந்து முக்கியமான பகுதிகளை டைப் செய்து கொடுத்தோம். முழுசாக முடிக்க முடியவில்லை.

வார்னாக் தீர்க்க நினைத்தது தோற்றப் பிரச்சினையை. அதைத் தீர்த்துவிட்டார். ஆனால் தோற்றம் கண் உள்ளவர்களுக்கு மட்டும்தான். இதைப் பின்னால் வந்தவர்கள் உணர்ந்தார்கள். 2001-ல் வந்த பிடிஎஃப் 1.4-ல் "இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை" என்று குறித்து வைக்கும் வசதி சேர்ந்தது. அனைவரும் அணுகக்கூடிய பிடிஎஃப்புக்கு 2012-ல் தனி ஐ.எஸ்.ஓ. தரமே வந்தது. வசதி இருக்கிறது. பயன்படுத்துவது நம் கையில்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. டைப் செய்த கோப்பை அச்சடித்து ஸ்கேன் செய்யாதீர்கள். வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்பு ஸ்டைல் கொடுத்து, "பிரிண்ட்" வழியாகப் போகாமல் "சேவ் ஆஸ்" வழியாக நேரடியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். அனுப்பும் முன் கோப்பைத் திறந்து, கண்ணில் படுகிற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அகப்பட்டால் உள்ளே எழுத்து இருக்கிறது. அகப்படாவிட்டால் படம் மட்டும், அல்லது உருவம் மட்டும்தான் இருக்கிறது.

இந்த செமஸ்டரில் எங்கள் குழுவில் அதுதான் விதி. தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். முதல் அலகு குறிப்பைப் போட்ட அன்று இரவு அவனிடமிருந்து பதில் வந்தது: "படிச்சிட்டேன்டா. நாலாவது பக்கத்துல கூட்டல் தப்பு."

திறந்து பார்த்தேன். தப்புதான்!