இருட்டு விருந்து

வெளிச்சம் துளியும் புகாத அறையில் அமர்ந்து, தட்டில் இருப்பதைப் பார்க்காமலே உண்ணும் முறை இருட்டு விருந்து எனப்படும். இன்றைய வடிவில் இது 1990களில் ஐரோப்பாவில் உருவானது. பரிமாறுபவர்கள் பெரும்பாலும் பார்வையற்றவர்கள். கண் ஓய்ந்தால் நாக்கு கூர்மையாகும் என்றுதான் விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. ஆனால் இந்த விருந்தின் வரலாற்றில் ருசியைவிடப் பெரிய சங்கதி, அறைக்குள் யார் கையை யார் பிடித்து நடக்கிறார்கள் என்பதே.

விருந்தினரின் பார்வையைக் கட்டுப்படுத்தி ஆட்டம் காட்டிய பழைய கதைகளில் ரோமப் பேரரசர் டொமிஷியனுடையது புகழ்பெற்றது. வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ அதை விவரமாகச் சொல்கிறார். சுவர், கூரை, தரை எல்லாம் கருமை. ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் பெயர் பொறித்த கல்லறைப் பலகை, கூடவே கல்லறைகளில் தொங்கவிடும் சிறு விளக்கு. இறந்தவர்களுக்குப் படைக்கும் பண்டங்கள் கரிய தட்டுகளில் வந்தன. பேரரசர் சாவைப் பற்றி மட்டுமே பேசினார். உயிரோடு வீடு திரும்பியவர்களுக்குப் பிறகு பரிசு வந்தது: அந்தப் பலகைகள் வெள்ளியால் ஆனவை! முழு இருட்டு என்று இதைச் சொல்ல முடியாது. விருந்து என்று சொல்வதும் கஷ்டம்தான்.

உண்மையிலேயே விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்ட மரபு ஜப்பானில் இருக்கிறது. யாமினாபே என்பது நண்பர்கள் கூடும் இருட்டுக் குழம்பு. ஆளுக்கொரு பொருளை மறைத்துக் கொண்டுவந்து, இருட்டில் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். குச்சியில் எது சிக்குகிறதோ அதைத் தின்றே ஆக வேண்டும் என்பது விதி. ஹைக்கூவுக்குப் புத்துயிர் தந்த மசாவோகா ஷிகி, 1899இல் ‘ஹோதோதோகிசு’ இதழ் நண்பர்களுடன் இப்படிக் கூடிச் சாப்பிட்டதை அந்த இதழிலேயே எழுதினார்.

இத்தாலியில் எதிர்காலவாதக் கலைஞர் மரினெட்டி 1932இல் வெளியிட்ட சமையல் நூலில் ‘தொடு விருந்து’ ஒன்று வருகிறது. விருந்தினர்கள் கடற்பஞ்சு, தக்கை, உப்புத்தாள் போன்றவற்றால் ஆன இரவு உடைகளை அணிந்து இருட்டறைக்குள் நுழைந்து, தடவிப் பார்த்தே தத்தம் உணவுத் துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பாடு மட்டும் வெளிச்சத்தில்.

இன்றைய வடிவத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் வானொலி நிலையம் ஒன்றில் வேலை பார்த்த ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கேயிடம், விபத்தில் பார்வை இழந்த பத்திரிகையாளர் ஒருவருக்குப் பயிற்சி தரும் பொறுப்பு வந்தது. அந்தப் பழக்கம் அவருடைய எண்ணங்களைப் புரட்டிப் போட்டது. 1988இல் பிராங்க்பர்ட்டில் ‘இருட்டில் உரையாடல்’ கண்காட்சியைத் தொடங்கினார். பார்வையுள்ளவர்கள் தடுமாற, பார்வையற்றவர்கள் அவர்களை அழைத்துச் சென்றார்கள். 1997இல் பாரிஸில் மிஷெல் ரெயாக், பார்வையற்றோர் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து இருட்டு விருந்துகளை நடத்தினார்.

நிரந்தர உணவகமாக முதலில் நிலைபெற்றது சூரிச்சின் ‘பிளிண்டெகூ’. பார்வையற்ற பாதிரியார் யோர்க் ஸ்பீல்மனும் தோழர்களும் அமைத்த அறக்கட்டளை 1999 செப்டம்பரில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இதைத் திறந்தது. ஸ்பீல்மன் வீட்டுக்குச் சாப்பிட வந்த சிலர், அவரைப் போலவே உண்டு பார்க்கக் கண்ணைக் கட்டிக்கொண்டதில் பிறந்த யோசனை என்று சொல்வதுண்டு. பார்வையற்றோருக்கு வேலை கொடுப்பது அறக்கட்டளையின் வெளிப்படையான நோக்கம். 2005இல் பாசெலிலும் ஒரு கிளையைத் திறந்தது. 2001இல் கொலோனில் ‘உன்சிக்ட்-பார்’ வந்தது. 2004இல் பாரிஸில் தொடங்கிய ‘தான் ல நுவார்’ 2006இல் லண்டனுக்கும் பிறகு வேறு நகரங்களுக்கும் கிளை விட்டது. இந்தியாவில் ஹைதராபாத் வணிக வளாகம் ஒன்றில், ‘இருட்டில் உரையாடல்’ கண்காட்சியை ஒட்டியே இருட்டு உணவகமும் நடந்தது.

நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கைபேசி, ஒளிரும் கடிகாரம் எல்லாம் வாசலிலேயே பெட்டகத்துக்குப் போய்விடும். முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து வரிசையாகத் திரைகளைக் கடந்து உள்ளே போக வேண்டும். வரிசையின் தலையில் பரிமாறுபவர் இருப்பார். தட்டைக் கடிகார முகமாகக் கொண்டு, மூன்று மணிப் பக்கம் மீன், ஒன்பது மணிப் பக்கம் உருளைக்கிழங்கு என்று சொல்லித் தருவார்கள். தண்ணீர் ஊற்றும்போது கோப்பையின் விளிம்புக்குள் விரல் நுனியை விட்டு, ஈரம் தட்டியதும் நிறுத்த வேண்டும். முட்கரண்டி நாலைந்து முறை வெறுமனே வாய்க்கு வந்து போகும். பிறகு பெரும்பாலானவர்கள் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். கையால் உண்டே வளர்ந்த நமக்கு இந்த ஒரு கட்டம் சுலபம்: சூடா, முள்ளா, எலும்பா என்று விரல் முன்கூட்டியே சொல்லிவிடும். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாததால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். கூடம் இரைச்சலாக இருக்கும். சமையலறையில் மட்டும் வழக்கம்போல் விளக்கு எரியும்.

ருசி கூடுகிறதா? கண் நாக்கை ஏமாற்றும் என்பது உறுதியாகத் தெரியும். போர்தோ பல்கலைக்கழகத்தில் 54 ஒயின் மாணவர்களிடம், மணமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள்; 2001இல் வெளியான ஆய்வு இது. ஆனால் கண்ணை மறைத்தால் நாக்கு மேம்படும் என்று இதிலிருந்து ஆகிவிடாது. ஆக்ஸ்போர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் போன்ற உளவியலாளர்கள் அந்த வாக்குறுதியைச் சந்தேகத்தோடே பார்க்கிறார்கள். எது என்று தெரியாமல் வாயில் போட்ட இறைச்சி கோழியா கன்றா என்று குழம்புவதுதான் பலரின் அனுபவம். 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், இருட்டில் தெரியாமல் பெரிய அளவு பரிமாறப்பட்டவர்கள் 36 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டும், வயிறு அதிகம் நிறைந்ததாக உணரவில்லை.

கடுமையான விமர்சனம் பார்வையற்றோரிடமிருந்தே வந்தது. ஒரு மணி நேர இருட்டு, திடீரென்று பார்வை போனவரின் தவிப்பை மட்டுமே காட்டும். பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் திறமையைக் காட்டாது என்பது அவர்கள் வாதம். பார்வையற்றவரான உளவியலாளர் ஏரியல் சில்வர்மனும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது: கண்ணைக் கட்டிக்கொண்டு வேலைகள் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை பார்க்கவும் தனித்து வாழவும் இயலுமா என்பதில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். இருட்டு உணவகங்களுக்கு இது அப்படியே பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. கண்ணைக் கட்டி விடும் பயிற்சியில் திறமையானவர் எவரும் பக்கத்தில் இருப்பதில்லை. இங்கோ, சூடான தட்டுகளை ஏந்தி மேசைகளுக்கு இடையே இடிக்காமல் நடக்கிறவரும், பயந்து எழ நினைக்கும் வாடிக்கையாளரைக் கைபிடித்து வெளியே கொண்டுபோய் விடுகிறவரும் பார்வையற்ற ஊழியர்களே.