உருகாமல் தப்பிய வெள்ளிக் காசுகள்



வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஊரில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியிருக்கிறது. மூத்தம்மாமார் சீலைத் துண்டில் முடிந்து பெட்டகத்தின் அடியில் வைத்திருந்த பழைய வெள்ளிக் காசுகள் வெளியே வருகின்றன. சில வீடுகளில் அவை நேரே நகைக்கடைத் தராசுக்குப் போகின்றன. கிராம் கணக்கில் பணம் கைக்கு வருகிறது, காசு மூசைக்குள் போய் உருகிவிடுகிறது. இன்னும் சில வீடுகளில் வட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை நம்பி, "விக்டோரியா இராணி காசு இருக்கிறது, இருபது இலட்சம் போகுமாம்" என்று காத்திருக்கிறார்கள். பாடசாலை வாசலில் பெற்றோர்கள் என்னிடம் கைபேசியில் படத்தைக் காட்டி, "சேர், இது எவ்வளவு பெறும்?" என்று கேட்கிறார்கள். நான் வியாபாரி அல்ல, விலை சொல்லத் தெரியாது. ஆனால் வரலாறு படிப்பிப்பவன் என்ற முறையில், ஒரு காசுக்கு ஏன் மதிப்பு வருகிறது, ஏன் வராமல் போகிறது என்று சொல்லலாம். விற்க நினைப்பவர்கள் வாசித்துவிட்டு விற்கட்டும்.

முதலில் ஒன்று. காசு பழையது என்பதால் மட்டும் விலை கூடாது. நம் வீடுகளில் அதிகம் இருப்பது இந்திய வெள்ளி ரூபாய். இலங்கையில் இருந்துகொண்டு ஏன் இந்திய ரூபாய் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1872இல் ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு இங்கே வந்தது. ஆனால் வெள்ளைக்காரன் இலங்கைக்கென்று தனியாக வெள்ளி ரூபாய் அடிக்கவில்லை. இந்தியாவில் அடித்த ரூபாயே இங்கும் செல்லுபடியானது. ஒரு தோலா நிறை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. அதில் 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாயைப் பார்த்ததும் பலருக்கு நெஞ்சு படபடக்கும், நூற்று அறுபது வருடத்துக்கு மேற்பட்ட காசாயிற்றே! ஆனால் அதே 1862 என்ற ஆண்டை மாற்றாமலே 1874 வரை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை கோடி வெளியே வந்திருக்கும் என்று யோசியுங்கள். தேய்ந்த 1862 ரூபாய்க்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இப்போது 1911ஐப் பாருங்கள். அது நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டிய கதை.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்தபின் அவருடைய தலை போட்ட ரூபாய் 1911இல் வெளியானது. மன்னரின் மேலங்கியில் ஒரு விருதுச் சங்கிலி, அந்தச் சங்கிலியில் சின்னஞ்சிறிய யானை ஒன்று. செதுக்கியவர் யானையின் தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார். காசு கைக்கு வந்ததும் சனங்கள் உற்றுப் பார்த்தார்கள். அது யானையா, பன்றியா? இந்தியாவில் முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். 1857இல் கொழுப்புப் பூசிய தோட்டா விவகாரத்தால் என்ன நடந்தது என்பதை ஆட்சியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. அடித்திருந்தது சுமார் 94 இலட்சம் காசு, வெளியே விட்டிருந்தது ஏறக்குறைய 7 இலட்சம். மிச்சத்தை வெளியே விடாமல் உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கையை நீட்டித் திருத்தி மறுபடி அடித்தார்கள்.

அந்த 7 இலட்சத்தில் உலகம் முழுவதும் இன்று மிஞ்சியிருப்பவைதான் சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்று தேடும் காசு. அதே மன்னரின் 1912, 1913, 1918 ரூபாய்கள் மூட்டை மூட்டையாக உண்டு. வெள்ளியும் நிறையும் அளவும் ஒன்றே. இருந்தும் 1911க்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். காரணம் அதன் உடன்பிறப்புகள் உருகிப் போனதுதான். நம்மவர்கள் வேண்டாம் என்று தள்ளிய காசு, தள்ளியதாலேயே அருமையாகிவிட்டது! ஆகவே ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாய் உங்களிடம் இருந்தால் தராசில் போடுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்.

ஆறாம் ஜோர்ஜின் ரூபாய்களில் 1939 என்ற ஆண்டும் அப்படித்தான். மிகச் சில. அதனாலேயே போலிகளும் உண்டு. 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியவர்களும் இருக்கிறார்கள். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947இல் வந்தது வெறும் நிக்கல். அதைக் காந்தம் இழுக்கும், வெள்ளியை இழுக்காது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இலங்கைக்கென்று அடித்த சதக் காசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1892 முதல் பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் வெள்ளியில் வந்தன. ஒரு பக்கம் ஆட்சியாளரின் தலை, மறுபக்கம் தாளிப்பனை. சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி எழுதியிருக்கும். 1917 வரை நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. முதலாம் உலக யுத்தத்தில் வெள்ளி விலை உலகெங்கும் ஏறியது. 1919இல் அதே அளவுக் காசில் வெள்ளியை ஐம்பத்தைந்து பங்காகக் குறைத்துவிட்டார்கள். ஒரு ஐம்பது சதம் 5.83 கிராம். 1917இனதில் 4.66 கிராம் வெள்ளி, 1919இனதில் 3.2 கிராம்தான். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலைக்கு வாங்கும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 1941இன் பத்துச் சதமும் 1942இன் ஐம்பது சதமும்தான் கடைசி வெள்ளிச் சதங்கள். அதன்பின் மஞ்சள் உலோகம்.

1957இல் புத்த ஜயந்திக்கு ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு ஒன்று வந்தது. கனமானது, 28 கிராமுக்குச் சற்று மேல், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. ஐந்து இலட்சம் அடித்தார்கள். அவற்றிலும் பாதிக்கு மேற்பட்டவை திரும்பிப் போய் உருகிவிட்டன.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. அதைக் கண்டால் காசு என்றே யாரும் சொல்லமாட்டார்கள். விரல் நீள வெள்ளிக் கம்பி, நடுவில் இரண்டாக மடித்து, தட்டையாக்கி, முத்திரை குத்தி, தூண்டில் மாதிரி வளைத்தது. சிங்களத்தில் கொகு ரிதி என்பார்கள், கொக்கி வெள்ளி. இதன் மூலப் பெயர் லாரின். பாரசீகத்தின் தெற்கே லார் என்ற பட்டணம் இருக்கிறது, அந்தப் பெயர்தான். ஹோர்முஸ் துறைமுகத்து வியாபாரிகள் இதைக் கொண்டுவந்தார்கள். பாரசீக வளைகுடாவிலும் இந்தியாவின் மேற்குக் கரையிலும் மாலைதீவிலும் இலங்கையிலும் இது ஓடியது. மற்ற இடங்களில் கம்பி நேராகவே இருக்கும். தூண்டிலாக வளைப்பது நம் நாட்டு வழக்கம்.

இலங்கை மண்ணில் வெள்ளி வெட்டியெடுத்ததில்லை. கறுவாவும் யானையும் பாக்கும் முத்தும் கப்பலேறிப் போய், பதிலுக்கு வந்த வெள்ளி அது. அந்த வியாபாரத்தில் நம் முன்னோரின் கை இருந்தது. தவளம் மாடுகளில் உப்பும் புடைவையும் ஏற்றிக் கண்டி நாட்டுக்குப் போய்ப் பாக்கோடு இறங்கியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனின் அனுமதியோடு யாரும் இதைச் செய்யலாம், விரும்பிய முத்திரையைக் குத்தலாம். ஆனால் வெள்ளி சுத்தமாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெளுத்து வந்தால்தான் காசு.

அந்த முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அரபு எழுத்துப் போலத் தெரியும். வாசிக்கப் போனால் வாசிக்க முடியாது. நம் நாட்டுத் தட்டான் அரபு தெரியாமல், வந்த காசில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துக் குத்தியது. எழுத்துச் சிதைந்து வெறும் கோடும் புள்ளியுமாக மிஞ்சியிருக்கும். அரபு எழுத்து மாதிரி இருந்தால்தான் சந்தையில் நம்பினார்கள் போலும்! வெள்ளி நிறை ஐந்து கிராமுக்கும் சற்றுக் குறைவு. உருக்கினால் கிடைப்பது அவ்வளவுதான். எத்தனை கொகு ரிதி காப்பாகவும் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிப் போயிருக்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்? அறுந்த கொக்கி என்று நினைத்து இன்றும் யாராவது பழைய வெள்ளிச் சாமானோடு சேர்த்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதினேன்.

இனி வீட்டு விசயம். காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், தேசிக்காய், பற்பசை எதுவும் வேண்டாம். கறுத்திருப்பது அழுக்கு அல்ல, அது வயது. சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்பைத்தான் விரும்புகிறார்கள். பளபளவென்று தேய்த்த காசை ஒதுக்குகிறார்கள். மாலையில் கோர்க்கக் காது ஒட்டிய காசும் துளை போட்ட காசும் பெரும்பாலும் வெள்ளி விலைக்கே போகும். அவற்றை உருக்குவதென்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை, மூத்தம்மாவின் நினைவுக்கு ஒன்றையாவது வைத்துக்கொண்டால் சரி.

ஸகாத் பற்றியும் சிலர் கேட்டார்கள். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம், இன்றைய நிறையில் 595 கிராம் என்று கணிக்கிறார்கள். முழு வெள்ளி ரூபாய் ஒன்றில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. ஆகவே 56 ரூபாய்க் காசு சேர்ந்தால் அந்த அளவைத் தொட்டுவிடும். உங்களிடமுள்ள மற்ற வெள்ளியோடும் பணத்தோடும் சேர்த்து எப்படிப் பார்ப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் பாடம் அல்ல.

கடைசியாக, வயல் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைக்கும் காசு. அது வீட்டுப் பெட்டகக் காசு போன்றதல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி நிலத்துக்குள்ளிருந்து கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும். இரகசியமாக விற்றால் வாங்குபவரும் விற்பவரும் மாட்டிக்கொள்வார்கள். பழைய காசுகளை நேரில் பார்க்க விரும்புபவர்கள் கொழும்புக்குப் போகும்போது கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். போகுமுன் வீட்டிலுள்ள காசு ஒவ்வொன்றின் ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.